மூழ்காத வலை

அத்தியாயம் பதினேழு

நிக்கனோர் காயலில் மூழ்கி இறந்தான் என்று லாஸ் கார்சாஸ் கிராமம் நம்பத் தொடங்கி நான்கு நாள்கள் ஆகியிருந்தன.

திங்கட்கிழமை காலை அவனுடைய தோணியை அவன் தந்தை செவெரோ தம் தோணியோடு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். உள்ளே கழி மட்டும் கிடந்தது. ஆளும் இல்லை, வலையும் இல்லை. வீட்டுக் கறிக்கு நாலு மடவை மீன் பிடித்து வரப் போனவன் என்றார் செவெரோ. வீச்சு வலையின் கயிற்றை இடக்கை மணிக்கட்டில் சுருக்கிட்டுக்கொண்டு வீசுகிறவன் தடுமாறி விழுந்தால், வலையின் ஈயம் அவனையும் சேர்த்துத்தான் அடிக்குக் கொண்டுபோகும். அங்கே பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. யாரும் விளக்கம் கேட்கவும் இல்லை.

உடல் கிடைக்கும்வரை, அல்லது ஒன்பது நாள் கழியும்வரை, அந்தக் காயலில் வலை வீசுவதில்லை என்பது வழக்கம். கூட்டுறவுச் சங்கத்தின் மற்ற அறுபத்திரண்டு உறுப்பினர்களும் அதற்குத் தலையசைத்தார்கள். இறாலுக்கான தடைக்காலம் முடிய எப்படியும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. தலையசைப்பதில் ஒருவருக்கும் நட்டமில்லை.

புதன்கிழமை வானொலி அதைக் கலைத்தது. தடைக்காலம் வெள்ளியன்றே முடிகிறது என்றார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. பௌர்ணமிக்கு மறுநாள். நண்பகலில் தொடங்கும் நீரிறக்கம் அந்தப் பருவத்திலேயே பெரியது. மழைக்காலம் முழுவதும் காயலில் வளர்ந்த இறால் அந்த நீரோடுதான் கடலுக்குக் கிளம்பும். கழிமுகத்தில் அலையாத்திக் கம்புகளை ஊன்றித் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். இறால் அங்கே வந்து முட்டி நிற்கும். அள்ளினால் ஊருக்கு ஒரு வருஷச் சோறு. அள்ளாவிட்டால், ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி, அந்தப் புழுக்கத்தில் பொழுது சாய்வதற்குள் செத்து மிதக்கும்.

ஒதிலியா இவை எவற்றையும் நினைக்கவில்லை. கணவனை இழந்தவள் என்று ஊர் தன்னை அழைக்கத் தொடங்கியிருப்பதற்கு அவள் இன்னும் பழகவில்லை. அடுப்படியில் நான்கு பெண்கள் இறால் வைத்த தமாலெ சுற்றிக்கொண்டிருந்தார்கள். சோள மாவு உருண்டையிலிருந்து இறாலின் மீசை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போன வருஷத்துக் காய்ந்த இறால்.

“உப்பு தீந்துபோச்சு, ஒதிலியா. எங்க வச்சிருக்கே?” என்றாள் பக்கத்து வீட்டு சோனா. “நீ எந்திரிக்காதே. எடத்தைச் சொல்லு போதும்.”

“நானே போறேன். உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு.”

உப்பு கொல்லைக் கொட்டகையில் இருந்தது. இறால் காயவைக்கும் கல்லுப்பு; சுவரோரம் பதினோரு மூட்டை. ஒதிலியா முதல் மூட்டையை அவிழ்த்துக் கிண்ணத்தில் வாரினாள். திரும்பும்போது பன்னிரண்டாவது மூட்டை கண்ணில் பட்டது.

மூட்டைகளை அடுக்கியவள் அவளே. பதினொன்றுதான் அடுக்கினாள்.

மற்றவற்றின் பின்னால் செருகியிருந்த அந்தச் சாக்கு அளவுக்குக் கனக்கவில்லை. இழுத்தபோது உள்ளே ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று உரசின. அவள் கட்டை அவிழ்த்தாள்.

வலையின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் நூல் ஓடியிருந்தது. பச்சை நூல் தீர்ந்துபோன ஒரு மாலையில் அவளே கிழிசலை முடிந்தது அது. மஞ்சள் நூலைப் பார்த்து இறால் சிரிக்கும் என்று நிக்கனோர் கேலி செய்தான்.

வலையில் சேற்று வாடை இல்லை. நீரின் வாடையே இல்லை. மணிக்கட்டுக் கயிறு அழகாகச் சுருட்டி, நடுவில் ஒரு கட்டுப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. அப்படிக் கட்டுகிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

அவள் சாக்கை மூடினாள். கிண்ணத்தை அடுப்படியில் கொடுத்தாள். பின்பு கொல்லை வழியாகப் படகுத்துறைக்கு நடந்தாள்.

செவெரோ தோணியிலிருந்து நீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தொட்டவர். மூன்று வருஷத்துக்கு முன் சங்கத்தில் தமக்கிருந்த இடத்தை, காயலில் வலை வீசும் உரிமையை, மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அன்று முதல் வலை முடிவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவர்.

“மாமா.”

“சொல்லும்மா.”

“உப்புக் கொட்டகைக்குப் போனேன்.”

அவர் இறைப்பதை நிறுத்தினார். தகரக் குவளையிலிருந்த நீரைச் சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டு, அதைப் பலகைமேல் கவிழ்த்து வைத்தார்.

“வலை காஞ்சு கெடக்கு,” என்றாள் ஒதிலியா. “நனையவே இல்ல.”

“தெரியும்.”

“அவரு எங்கே?”

“திங்கக்கெழம விடியறதுக்கு முன்னாடி நெடுஞ்சாலைல பஸ் ஏத்தி விட்டேன். வடக்கே போறேன்னான். ஏன்னு கேட்டேன். கேக்காதீங்கன்னான். ஒரு மாசம் கழிச்சு வீட்டுல சொல்லுங்கன்னான்.”

“நீங்க அன்னிக்கே செத்துட்டான்னு சொல்லிட்டீங்க.”

“ஆமா.”

சற்றுத் தூரத்தில் ஒரு கொக்கு சேற்றில் அலகை விட்டு எதையோ பிடுங்கியது. ஒதிலியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கணவன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அதற்குரிய மகிழ்ச்சி மட்டும் இன்னும் வரவில்லை.

“அவருக்குத் தெரியுமா, அவரு செத்துப்போனது?”

“தெரியாது.”

“எதுக்கு இப்படிப் பண்ணீங்க?”

“விட்டுட்டு ஓடினவன் எடத்தை சங்கம் பிடுங்கி அடுத்தவனுக்குக் குடுத்துடும். இந்த வருஷத்துல ரெண்டு பேருக்கு நடந்ததைப் பாத்தியே. செத்தவன் எடம் பொஞ்சாதிக்கு வரும்.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “அந்த எடம் போச்சுன்னா நீயும் நயேலியும் டவுனுக்குப் போய் ஐஸ் கிடங்குல நின்னு அடுத்தவன் இறாலுக்குத் தலை கிள்ளுவீங்க. பன்னெண்டு வயசுப் பொண்ணும்மா அது. ஓடிப்போனவனுக்கு ஒரு தண்டனையும் கெடையாது. இருக்கிறவங்களுக்கு எதுக்கு?”

“அத்தைக்குத் தெரியுமா?”

“அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். அழுகை பொய்னு பாத்ததும் கண்டுபிடிச்சுடுவாங்க.”

“அப்புறம் வலையை ஏன் தண்ணில போடல? போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

செவெரோ குவளையை மறுபடி கையில் எடுத்தார்.

“போடத்தான் போனேன். கையில எடுத்தேன். நாலு மாசம் உக்காந்து முடிஞ்ச வலைம்மா அது. ஒரு கண்ணு கூடப் பிசகல. கை வரல.”

“மகனை முழுகடிக்கக் கை வந்துச்சு. வலையை முழுகடிக்க வரலியா?”

அவர் குனிந்து மீண்டும் நீரை இறைத்தார்.

“இன்னிக்கு இறால் எறங்குது, மாமா. அறுபத்திரண்டு வீடு கையைக் கட்டிக்கிட்டு நிக்குது.”

“தடையை முன்னாடியே எடுப்பாங்கன்னு நான் கண்டேனா? இப்பவே போய் நின்னா சந்தேகம் வரும். சாயங்காலம் தலைவர் அமாதோர்கிட்டப் பேசுறேன். ‘எங்க பக்கத்துலேர்ந்து சம்மதம், வலையைப் போடுங்க’ன்னு சொல்றேன். மிச்சம் இருக்கிறதை அள்ளிக்கட்டும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும்.”

ஒதிலியா கொட்டகைக்குத் திரும்பினாள். சாக்கை மீண்டும் மூட்டைகளின் பின்னால் செருகினாள். முன்பு இருந்ததைவிட ஆழமாகச் செருகினாள்.

நண்பகலில் ஊர் முழுவதும் அடைப்பின் கரையில் நின்றது. வேலை ஏதுமில்லாமல் வேலைக்குரிய உடையில் நின்றார்கள். நீர் கடலை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. கம்பு வரிசைக்கு இப்பால் அது மழைத்துளி விழுவதுபோல் சிலிர்த்தது. மழை பெய்யவில்லை.

“பாருடா, தண்ணி கொதிக்குது,” என்றான் ஒருவன்.

“பாக்காதே. பாத்தா வயிறெரியும்.”

“ஐஸ் லாரிக்காரன் காலைலேர்ந்து நிக்கிறான். ரெண்டு தடவை உருகி ஒழுகிடுச்சு.”

“பொணம் கெடக்கிற காயல் இறாலை எவன் வாங்குவான்? அது எதைத் தின்னு கொழுக்குதுன்னு அவனுக்குத் தெரியாதா? மொதல்ல ஆளைத் தேடி எடுக்கணும்.”

“மெதுவாப் பேசு. அந்தம்மா வருது.”

பெலாஹியா வந்தாள். செவெரோவின் மனைவி, நிக்கனோரின் தாய். பாதி வெட்டிய சுரைக்குடுக்கையை இரு கையாலும் ஏந்தியிருந்தாள். அதன் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மூழ்கியவன் எங்கே கிடக்கிறானோ அங்கே அது மிதந்துபோய் நிற்கும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான்கு நாளாகத் தினமும் விட்டார்கள். தினமும் காற்று அணைத்துவிட்டது. இன்று காற்றே இல்லை.

அவள் முழங்கால் நீரில் இறங்கி அதை விட்டாள்.

குடுக்கை ஒருமுறை சுழன்றது. பின்பு நீரிறக்கத்தோடு அடைப்பை நோக்கிப் போய், நடுக் கம்புகளில் முட்டி நின்றது.

நீரிறக்கத்தில் மிதக்கும் எதுவும் அடைப்பில்தான் போய் நிற்கும். இலையும் நிற்கும், நுரையும் நிற்கும். அங்கிருந்த ஒவ்வொருவரும் அதை அறிவார்கள். ஒரு தாயின் எதிரில் அதை யாரும் சொல்லவில்லை.

“அங்கதான் இருக்கான்,” என்றாள் பெலாஹியா. “எம்புள்ளை அங்கதான் இருக்கான்.”

சங்கத் தலைவர் அமாதோர் தொப்பியைக் கழற்றினார். “அங்க அடியில இழுப்பு ஜாஸ்தி. தண்ணி நிக்கட்டும், பெலாஹியா. சாயங்காலம் பாப்போம்.”

“சாயங்காலம் அவனைக் கடல் கொண்டுபோயிடும்.”

“நான் எறங்கறேன்,” என்று ஒரு குரல் வந்தது. ஒதிலியாவின் தம்பி இலாரியோ சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊரில் அவனளவுக்கு மூச்சுப் பிடிப்பவர் கிடையாது. நீரில் விழுந்த படகு எஞ்சினுக்கு அடியில் போய்க் கயிறு கட்டிவிட்டு வந்தவன். “மச்சான் என்னிக்குக் கூப்பிட்டு வந்திருக்காரு? எப்பவும் நாமதான் போய் இழுத்துட்டு வரணும்.”

சிலர் சிரித்தார்கள். துக்கத்தில் வரும் சிரிப்பு, சட்டென்று நின்றது.

ஒதிலியா ஓர் அடி முன்னே வைத்து நின்றாள். எதிரே கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செவெரோ அவளைப் பார்த்தார். பின்பு தரையைப் பார்த்தார்.

இலாரியோ குதித்தான். மூச்சு முட்டும்வரை அடியில் இருந்து, கையில் ஒரு பழைய சாக்குத் துண்டோடு வந்தான். மீண்டும் போனான். இந்த முறை முழங்கை சிராய்ந்திருந்தது.

“அடியில பழைய முள்கம்பி கெடக்கு,” என்றான் மூச்சிரைக்க. “போன வெள்ளத்துல வந்தது போல.”

“போதும், இலாரியோ. ஏறி வா,” என்றாள் ஒதிலியா.

“இன்னும் ஒரே தடவை, அக்கா.”

“வேணாம்னு சொல்றேனில்ல?”

“உனக்காகத்தான் போறேன். அவரை மண்ணுல வச்சாத்தானே உனக்குத் தூக்கம் வரும்?”

அவன் போய்விட்டான்.

அப்போது சொல்லியிருக்கலாம். முதல் முறை அவன் சட்டையைக் கழற்றும்போதே சொல்லியிருக்கலாம். ஐஸ் கிடங்கின் ஈரத் தரையும், அதன்மேல் நிற்கும் நயேலியின் கால்களும் அவள் கண்முன் நின்றன. இன்னும் ஒரே தடவை என்றுதானே சொன்னான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

நீரின் சிலிர்ப்பைத் தவிர எதுவும் அசையவில்லை. மெழுகுவர்த்தி அதே இடத்தில் நேராக எரிந்தது.

“நேரமாச்சு,” என்றார் யாரோ.

“அவனுக்கு மூச்சு பெருசு.”

“இவ்வளவு பெருசில்ல.”

மூன்று பேர் ஒன்றாகக் குதித்தார்கள். அடியில் அவனுடைய கையைக் கம்பி பிடித்திருந்தது. நீரின் இழுப்பு அவனை அதன்மேல் அழுத்தி வைத்திருந்தது. அறுத்து மேலே கொண்டுவந்தபோது தோளிலிருந்து முழங்கைவரை தசை பிளந்திருந்தது. உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

அமாதோர் அவனைக் கரையில் கிடத்தி, கவிழ்த்து, முதுகை அழுத்தினார். ஒதிலியா அவன் பாதத்தைப் பற்றிக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். சேற்று நீர் வந்தது. மறுபடியும் வந்தது. பின்பு ஒரு இருமல். பின்பு, நீண்ட இடைவெளிக்குப் பின், ஒரு மூச்சு.

யாரோ ஒரு பெண் தன் முக்காட்டைக் கிழித்து அவன் கையைச் சுற்றினாள்.

“லாரியைக் கொண்டாங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்,” என்ற அமாதோர் எழுந்து கையிலிருந்த இரத்தத்தைத் தொடையில் துடைத்தார். பெலாஹியா இன்னும் நீரில் நின்று மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெருமூச்சு விட்டார். “கம்பி இருக்கிற எடம் தெரிஞ்சுபோச்சு. இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இன்னொருத்தன் எறங்கலாம். யாரு?”

இருபது வயதுகூட ஆகாத ஒருவன் சட்டைப் பொத்தானில் கை வைத்தான்.

“யாரும் எறங்காதீங்க,” என்றாள் ஒதிலியா.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

“அவரு தண்ணில இல்ல. அவரோட வலை எங்க வீட்டு உப்புக் கொட்டகையில இருக்கு. காஞ்ச வலை.”

அதற்குமேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. அறுபத்திரண்டு வீச்சு வலைக்காரர்களுக்கும் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஒவ்வொருவராகத் திரும்பிச் செவெரோவைப் பார்த்தார்கள்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தோணியைத் தள்ளிவிட்டது நான்தான். மருமவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

பெலாஹியா நீரிலிருந்து ஏறி வந்தாள். நனைந்த பாவாடை காலில் ஒட்டிக்கொள்ள, மெல்ல நடந்து கணவர் முன் நின்றாள்.

“உசுரோட இருக்கானா?”

“இருக்கான்.”

“நாலு நாளா நான் அழுததைப் பாத்துக்கிட்டு இருந்தே.”

“ஆமா.”

“பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டே.”

“ஆமா, பெலாஹியா.”

அவள் அடிப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரும் எதிர்பார்த்தார், அதற்காகவே முகத்தைச் சற்று நீட்டியிருந்தார். அவள் அடிக்கவில்லை.

“தனியாவா போனான்?” என்று கேட்டாள்.

செவெரோ வாயைத் திறந்தார். ஒதிலியா இருந்த பக்கம் அவர் பார்வை ஒரு கணம் போய்வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அமாதோர் அந்த மௌனத்துக்குள் புகுந்தார். அவருக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது.

“சங்கத்து விதி உனக்குத் தெரியும், ஒதிலியா.”

“தெரியும்.”

“ஞாயித்துக்கெழம கூட்டத்துல பேசுவோம். என்ன முடிவாகும்னு நான் இப்பச் சொல்ல வேண்டியதில்ல.” அவர் அடைப்பைப் பார்த்தார். “இன்னும் ரெண்டு மணி நேரம் தண்ணி எறங்கும். வலையை எடுங்கய்யா.”

ஆண்கள் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று ஒவ்வொருவரும் முயன்றது தெரிந்தது. முதல் வலை விரிந்து விழுந்தது; அதன் பின்னால் இன்னொன்று; பின்பு எண்ண முடியாதபடி. கரை முழுவதும் ஈயம் நீரில் விழும் ஓசை. பெலாஹியாவின் குடுக்கையை யாருடைய வலையோ கவிழ்த்துவிட்டது.

பருவத்தின் முதல் வீச்சில் கிடைப்பதைத் துக்க வீட்டுக்குக் கொடுப்பார்கள். கிழவர் ஒருவர் அந்தப் பழக்கத்தில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பெலாஹியாவை நோக்கிப் பத்தடி வந்தார். பாதியில் நின்றார். இது துக்க வீடா, இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்பதற்கும் யாரும் இல்லை. வாளியை அங்கேயே மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே இறால் துள்ளித் தகரத்தில் மோதிக்கொண்டிருந்தது.

ஐஸ் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. இலாரியோவைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். அவன் கண் திறந்திருந்தது. ஒதிலியா அவனுடைய நல்ல கையைப் பற்றினாள்.

“அக்கா.”

“பேசாதேடா. மூச்சு வாங்குது பாரு.”

“வலையை எப்போ பாத்தே?”

அவனுக்குப் பொய் சொல்ல அவளால் முடிந்திருக்கும். இப்போதுதான், ஆள் அனுப்பினார்கள், இந்த நிமிஷம்தான் தெரிந்தது என்று எதையாவது சொல்லலாம். அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு ஒரு பொய் கூடினால் யாரும் எண்ணப் போவதில்லை.

“காலைல,” என்றாள்.

இலாரியோ அவளைச் சிறிது நேரம் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்க முடிந்திருக்கும். அவன் தன் விரல்களை அவள் கையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டான்.

“தூக்குங்க,” என்றான் மற்றவர்களிடம்.

லாரியின் தட்டில் உருகும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அவனைக் கிடத்தினார்கள். ஏறி வா என்று யாரும் அவளை அழைக்கவில்லை.